ஆசிரியரும் நூலகரும் ஒரே மேசையில்

செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் கல்லூரிகளில் அசைன்மென்ட் தலைப்புகள் வந்துவிடும். 'தமிழ்நாட்டில் நீர் மேலாண்மை', 'பெண் கல்வியின் வளர்ச்சி', 'உலகமயமாக்கலின் விளைவுகள்' என்று ஒரு வரித் தலைப்பு. பத்துப் பக்கத்துக்குக் குறையக் கூடாது, இன்ன தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்கே தேடுவது, எதை நம்புவது, ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு தகவல் கிடைத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இருக்காது. மாணவர் கைபேசியை எடுக்கிறார். முதலில் வரும் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து பத்திகளை எடுத்துக் கோக்கிறார், அல்லது தலைப்பை அப்படியே ஒரு ஏஐ செயலியிடம் கொடுத்துவிடுகிறார். ஆசிரியர் அறுபது அசைன்மென்ட்களைப் புரட்டி மதிப்பெண் போடுகிறார். தேடுவதையே தொழிலாகப் படித்த ஒருவர் அதே வளாகத்தில் இருக்கிறார். அவர் கல்லூரி நூலகர். அப்படி ஒரு தலைப்பு கொடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியாது.

தகவலைத் தேடிக் கண்டுபிடிப்பது, எடைபோடுவது, எடுத்தாளும்போது நேர்மையாக நடந்துகொள்வது ஆகிய மூன்றையும் சேர்த்து 'தகவல் எழுத்தறிவு' என்று நூலகத் துறையினர் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் 1974-ல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இந்தத் திறனை மாணவருக்கு எங்கே வைத்துக் கற்றுத் தருவது என்ற கேள்விக்கு அந்த அரை நூற்றாண்டின் அனுபவம் ஒரே பதிலைத்தான் தருகிறது. அசைன்மென்ட்டுக்கு உள்ளே வைத்துத்தான் கற்றுத்தர முடியும். அதை ஆசிரியர் மட்டும் செய்ய முடியாது, நூலகர் மட்டும் செய்யவும் முடியாது. இருவரும் சேர்ந்து தலைப்பை உருவாக்கும் இடத்தில்தான் மாணவர் தேடக் கற்கிறார்.

கேட்காத மாணவர்கள்

'புராஜெக்ட் இன்ஃபர்மேஷன் லிட்டரசி' என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 2010-ல் ஒரு வேலை செய்தது. 28 கல்லூரி வளாகங்களில் ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கொடுத்த 191 அசைன்மென்ட் குறிப்புத் தாள்களைத் திரட்டிப் படித்தது. நூலக அலமாரிக்குப் போய்ப் பார் என்று பத்தில் ஆறு தாள்கள் சொல்லியிருந்தன. நூலகரைக் கேள் என்று சொன்னவை 13 சதவீதம் மட்டுமே. பக்க எண்ணிக்கை, வரி இடைவெளி, மேற்கோள் காட்டும் முறை ஆகியவை விரிவாக எழுதப்பட்டிருந்த அளவுக்கு, தேடும் வழி எழுதப்படவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், 2008 முதல் 2010 வரை, இல்லினாய் மாநிலத்தின் ஐந்து பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து மானிடவியல் அறிஞர்களை அழைத்து வந்தன. ஓர் ஊரின் வாழ்க்கையை ஆராய்வதுபோல மாணவர்களின் படிப்பு வாழ்க்கையை அவர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். மாணவர்களுக்கு கூகுளைக்கூட ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்பது முதல் கண்டுபிடிப்பு. இணையத்தோடு பிறந்த தலைமுறைக்குத் தேடல் தானாக வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. தடுமாறும் மாணவர் நூலகரிடம் போவதே இல்லை. நூலகர் என்ன செய்பவர் என்பதே பலருக்குத் தெரியவில்லை. போனவர்களில் பலர், ஆசிரியர் கைகாட்டி அனுப்பியதால் போனவர்கள்.

இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை நம் கல்லூரி முதல்வர்கள் கவனிக்க வேண்டும். மாணவருக்கும் நூலகருக்கும் நடுவில் இருக்கும் கதவு ஆசிரியரின் கையில் இருக்கிறது. நூலகத்தில் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், எத்தனை பயிலரங்கு நடத்தினாலும், வகுப்பில் நிற்கும் ஆசிரியர் "நூலகரைப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அது ஈடாகாது.

எர்ல்ஹாம் காட்டிய வழி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்றொரு சிறிய ஊர். அங்கே குவேக்கர் கிறிஸ்தவர்கள் 1847-ல் தொடங்கிய எர்ல்ஹாம் கல்லூரி இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படித்த அந்தச் சிறு கல்லூரிக்கு 1962-ல் நூலகராக வந்தவர் ஈவன் ஃபார்பர். 1994-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவரும் அவருடைய சக நூலகர்களும் செய்ததைப் பார்த்து வர நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவர்கள் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் எளிமையாகத் தெரியும். நூலகத்தைச் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. தேடல் பற்றித் தனிப் பாடமும் வைக்கவில்லை. ஓர் ஆசிரியர் கட்டுரை எழுதச் சொல்லும்போது, அந்தக் கட்டுரைக்கு என்று நூலகர் உட்கார்ந்து ஒரு வழிகாட்டித் தாள் தயாரிப்பார். இந்தத் தலைப்புக்கு எந்தக் கலைக்களஞ்சியத்தில் தொடங்குவது, எந்த அட்டவணையில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, எந்த நூலின் பின்னிணைப்பு பயன்படும் என்று அதில் இருக்கும். மாணவர்கள் கட்டுரையைத் தொடங்கும் நேரம் பார்த்து வகுப்புக்குப் போய், ஆசிரியர் முன்னிலையிலேயே அதை விளக்குவார். தேவை எழுந்த நேரத்தில் சொல்லப்படுவதால் மாணவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருப்பதால் அது பாடத்தின் பகுதி என்று அவர்களுக்குப் புரிந்தது.

படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. முதலாண்டில் அடிப்படைக் கருவிகள், இறுதியாண்டில் அந்தத் துறைக்கே உரிய நுட்பமான கருவிகள். முதலாண்டில் சொன்னதையே இறுதியாண்டிலும் சொல்லிச் சலிப்பூட்டவில்லை. அறிவியல் நூலகராக இருந்த தாமஸ் கெர்க் உயிரியல் துறையோடு நெருக்கமாக வேலை செய்தார். எந்த முறையில் சொல்லித் தந்தால் மாணவர் மனதில் நிற்கிறது என்று ஒப்பிட்டுச் சோதித்தும் பார்த்தார்.

கல்லூரி நூலகங்கள் பல்கலைக்கழக நூலகங்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்கின்றன என்று 1974-ல் ஃபார்பர் எழுதினார். எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதையே பெருமையாகக் கொண்டாடிவிட்டு, கற்பிப்பதில் தமக்குள்ள பங்கைக் கோட்டைவிட்டுவிடுகின்றன என்பது அவருடைய வருத்தம். நம் ஊரில் தரமதிப்பீட்டுக் குழு வரும்போது நூலகத்தின் சார்பில் முதலில் நீட்டப்படும் தாள் எது என்று யோசித்துப் பாருங்கள். புத்தகங்களின் எண்ணிக்கை, இதழ்களின் எண்ணிக்கை, கணினிகளின் எண்ணிக்கை. எந்தெந்தத் துறையின் எந்தெந்த அசைன்மென்ட்டில் நூலகர் கைகோத்தார் என்ற பட்டியலை நீட்டும் கல்லூரி நம்மிடம் உருவாக வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

எர்ல்ஹாமுக்குச் சற்று முன்பு டெட்ராயிட்டில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மான்டீத் கல்லூரியில் 1960 முதல் 1962 வரை பேட்ரீஷியா நாப் என்ற நூலகவியலாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். பாடத்திட்டம் முழுவதிலும் நூலகப் பயிற்சியை ஊடுருவ விடுவது அவருடைய கனவு. திட்டம் நேர்த்தியாக இருந்தது. ஆனால் ஆசிரியர்களின் மனத்தை வெல்வதுதான் ஆகக் கடினமான பகுதி என்பதை நாப் தன் அறிக்கையில் ஒளிக்காமல் பதிவுசெய்தார். நூலகப் பயிற்சி தங்கள் பாடத்தின் உயிர்நாடி என்று ஆசிரியர்களுக்குத் தோன்றவில்லை. பாடத்தோடு ஒட்டாத பயிற்சிகளை மாணவர்கள் வெற்று வேலையாகவே பார்த்தார்கள். 1966-ல் வெளியான அந்த அறிக்கை, வெற்றிக் கதைகளைவிட அதிகம் கற்றுத்தருகிறது. இருவருக்கும் பொதுவான ஓர் இலக்கு இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதால் எதுவும் நடக்காது. ஆசிரியருக்கு நல்ல கட்டுரைகள் வேண்டும், நூலகருக்கு நன்றாகத் தேடும் மாணவர்கள் வேண்டும். இரண்டும் ஒரே அசைன்மென்ட்டில் கிடைக்கும்போதுதான் இந்தக் கூட்டு நிலைக்கும்.

பேராசிரியர்களும் ஏமாந்த பரிசோதனை

'இதையெல்லாம் ஆசிரியரே சொல்லித் தரலாமே, நூலகர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சேரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்கான பதில். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், ஊடகங்களில் செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். எல்லாரையும் கணினி முன் உட்காரவைத்து, சில இணையதளங்களைக் காட்டி, இவை நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள்.

ஒரு பணியில் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று 1930-ல் தொடங்கப்பட்ட, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றது, ஒருபால் இணையர் குழந்தைகளைத் தத்தெடுப்பது பற்றிய கருத்து வேறுபாட்டால் 2002-ல் பிரிந்துபோன ஒரு சிறு குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். பிரிந்த குழுவின் தளமும் இலச்சினை, மேற்கோள்கள், மருத்துவர் பெயர்கள் என்று கம்பீரமாகவே இருந்தது. மாணவர்கள் மட்டுமல்ல, வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். அவர்கள் தளத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாக வாசித்தார்கள். சரிபார்ப்பவர்களோ தளத்தை ஒரு பார்வை பார்த்ததும் அதைவிட்டு வெளியேறினார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி வேறு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். சில நிமிடங்களில் உண்மை அவர்கள் கைக்கு வந்தது.

இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். முன்பெல்லாம் நூலகங்களிலேயே, தளத்தின் தேதி, ஆசிரியர், நோக்கம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து அந்தப் பக்கத்துக்குள்ளேயே விடை தேடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏமாற்ற நினைப்பவர்களும் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத் தளத்தை வடிவமைக்க முடியும். அதனால் இன்று அமெரிக்க நூலகர்கள் பலர் பட்டியலைக் கைவிட்டு, பக்கத்தைவிட்டு வெளியேறும் பழக்கத்தைக் கற்றுத்தருகிறார்கள். ஒரு துறையில் ஆழ்ந்த படிப்பு இருப்பதும், அறிமுகமில்லாத ஒரு மூலத்தை இரண்டு நிமிடத்தில் எடைபோடத் தெரிவதும் வேறுவேறு திறன்கள் என்பதை அந்த ஆய்வு வெட்டவெளிச்சமாக்கியது. முதல் திறன் ஆசிரியரிடம் இருக்கிறது. இரண்டாவது, பயிற்சி பெற்ற நூலகரிடம் இருக்கிறது. மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

கணித ஆசிரியர் ஒருவர் நூலகரானபோது

இந்த மண்ணில் இந்தச் சிந்தனை புதிதல்ல. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-ல் பொறுப்பேற்றபோது, ஆளரவமற்ற அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தார். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்குள்ள நூலகங்கள் ஊரையே மாற்றுவதைக் கண்ணால் கண்டபிறகுதான் அந்தப் பணியில் அவர் மனம் ஊன்றியது. 1931-ல் அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகள் வெளிவந்தன. உசாத்துணைச் சேவையைப் பற்றி எழுதும்போது, புதிதாக வரும் மாணவருக்கு நூலகத்தைப் பழக்குவதை அந்தச் சேவையின் முதல் வகையாகவே அவர் வைத்தார். ஆசிரியராக இருந்து நூலகரானவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐ நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். புதியவரைப் பழக்குவது என்ற அந்த முதல் வகைச் சேவை, பல கல்லூரிகளில் அரைமணி நேர ஓரியன்டேஷனாகச் சுருங்கிக் கிடக்கிறது. 'இது வழங்குமிடம், அது இதழ்கள் பகுதி, பையை வெளியே வைக்க வேண்டும்.' அத்தோடு முடிந்தது.

இதற்கிடையில் வாசல்கள் மட்டும் அகலமாகத் திறந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தை காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் மையம் 2010 முதல் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பல லட்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அவற்றை வாசிக்கும் உரிமை. பயன்பெறக்கூடிய மாணவர், ஆசிரியர், ஆய்வாளர்களின் எண்ணிக்கை 1.8 கோடி என்று அரசு சொல்கிறது. இத்தனை பெரிய செலவு வீணாகாமல் இருக்க வேண்டுமானால், ஒரு தாலுகா தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவிக்கு, தன் அசைன்மென்ட்டுக்கு அதில் எந்த இதழ் உதவும் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

தண்டிக்கும் விதிகளும் தயாராக இருக்கின்றன. எழுத்துத் திருட்டு பற்றி யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை பற்றிய 30 மணி நேரப் பாடத்தையும் யுஜிசி 2019-ல் கட்டாயமாக்கியது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வேறொருவரின் பத்தியை எடுத்து ஒட்டுவது தவறு என்று ஒருவருக்கு முதன்முறையாகச் சொல்லப்படும் இடம் முனைவர் பட்டப் படிப்பாக இருப்பது மிகவும் தாமதம். அதற்கு முன்னால் ஐந்து ஆண்டுகள் அப்படி எழுதித்தான் அவர் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

ஒரு வெள்ளம், நான்கு ஆவணங்கள்

நம் கல்லூரிகளில் இது எப்படி நடக்கலாம்? ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். '2015 சென்னை வெள்ளம்: காரணங்களும் விளைவுகளும்.' புவியியல், பொது நிர்வாகம், இதழியல், வரலாறு என்று எந்தத் துறையிலும் கொடுக்கக்கூடிய தலைப்பு. வழக்கமான முறையில் கொடுத்தால் அறுபது மாணவர்களும் ஒரே கட்டுரையைத்தான் எழுதி வருவார்கள். ஆக்கிரமிப்பு, பருவநிலை மாற்றம், பிளாஸ்டிக், நிறைவாக ஓர் அறிவுரை.

தலைப்பைக் கொடுப்பதற்கு முன் ஆசிரியர் நூலகரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வெள்ளத்தைப் பற்றி முதல்தரமான ஆவணங்கள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கிறார். நூலகர் தேடி எடுத்துத் தருவார். செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகளை மறுத்துத் தலைமைச் செயலர் 2015 டிசம்பரில் விட்ட அறிக்கை ஒன்று. நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு 2016-ல் தந்த 198-வது அறிக்கை இரண்டாவது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட, இந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று சொன்ன சிஏஜி தணிக்கை அறிக்கை மூன்றாவது. இந்திய விஞ்ஞானிகளும் பங்கேற்ற பன்னாட்டுக் குழு ஒன்று எழுதி, அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் 2016-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை நான்காவது. அந்த மழையில் புவி வெப்பமாதலின் கைவரிசை தங்கள் கணக்கில் புலப்படவில்லை என்று அந்த விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று எழுத உட்கார்ந்த மாணவரை நிமிர்ந்து உட்காரவைக்கும் கட்டுரை அது.

இந்த நான்கும் ஒன்றோடொன்று உடன்படாதவை. அதுதான் இவற்றின் மதிப்பு. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு ஆவணத்தைக் கொடுக்கலாம். இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதில் அவருக்குச் சொந்த நலன் ஏதும் இருக்கிறதா, எந்தத் தரவை வைத்துப் பேசுகிறார், எதைப் பற்றி மௌனமாக இருக்கிறார்? இந்தக் கேள்விகளோடு ஒரு வகுப்பு நேரம். அதில் நூலகரும் இருக்க வேண்டும். தணிக்கை அறிக்கை என்றால் என்ன, அது யாரிடம் சமர்ப்பிக்கப்படுகிறது, ஆய்விதழில் ஒரு கட்டுரை எத்தனை பேர் பார்வைக்குப் பிறகு அச்சாகிறது என்று அவர் சொல்வார். அணையின் நீர்வரத்து, வெளியேற்றம், வடிகால் கொள்ளளவு என்றால் என்ன என்று ஆசிரியர் சொல்வார். ஒருவர் சொல்லாமல் மற்றவர் சொல்வது பாதிதான்.

அடுத்து, தேடும் சொற்கள். இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆனால் கட்டாயம் ஒதுக்க வேண்டும். ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரை ஆங்கிலச் செய்தி 29,000 கியூசெக் என்று எழுதும். தமிழ் நாளிதழ் 'விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி' என்று எழுதும். கியூசெக் என்று தேடும் மாணவருக்குத் தமிழ்ச் செய்தி கிடைக்காது. செம்பரம்பாக்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் போட்டால் மற்றது வராது. ஒரே ஒரு அரசுத் தளத்துக்குள் மட்டும் தேடுவது எப்படி, பிடிஎஃப் கோப்புகளை மட்டும் வரவழைப்பது எப்படி என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் கற்றுத்தரக்கூடியவை. யாரும் கற்றுத்தராததால் பட்டம் வாங்கிய பிறகும் தெரியாமல் போகிறவை.

இதன் பிறகு கட்டுரையை ஒரே நாளில் வாங்கக் கூடாது. முதலில் தேடல் குறிப்பு: என்னென்ன சொற்களைப் போட்டேன், என்ன கிடைத்தது, எதைத் தள்ளினேன், ஏன் தள்ளினேன் என்று ஒரு பக்கம். அதை நூலகர் படிப்பார். அடுத்து, தேர்ந்தெடுத்த ஆவணங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்தாறு வரி மதிப்பீடு. அதை இருவரும் படிப்பார்கள். இறுதியாகத்தான் கட்டுரை. அது நான்கு பக்கம் இருந்தாலே போதும். பத்துப் பக்கம் கேட்பதால்தான் மாணவர் ஒட்டி நிரப்புகிறார்.

தமிழில் தேடுவது

அமெரிக்க வழிகாட்டிகளில் இல்லாத ஒரு பகுதியை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு ஆய்விதழ் தரவுத்தளங்களின் ஆங்கிலமே முதல் சுவர். தமிழில் நல்ல மூலங்கள் இல்லாமல் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவைத்திருக்கும் நூலகம் வலைத்தளம், கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பிலிருந்து உருவான சென்னை ஆராய்ச்சி நூலகம் என்று நமக்குப் பெருஞ்செல்வம் இருக்கிறது. அவற்றுக்குள் தேடுவதற்கென்று சில நுணுக்கங்களும் இருக்கின்றன.

பழைய இதழ்களும் நூல்களும் படங்களாகவே மின்வருடப்பட்டிருப்பதால், பல சமயம் உள்ளே இருக்கும் சொல்லைத் தேட முடியாது. தலைப்பையும் ஆசிரியரையும் ஆண்டையும் வைத்துத்தான் போக வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட தளங்கள் தேடுபொறியின் கண்ணில் படுவதில்லை. ராமானுஜன், இராமானுசன், ராமாநுஜன் என்று ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நூலில் தேடுவதற்கு அந்தக் காலத்து எழுத்துமுறை தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த் துறைப் பேராசிரியருக்கு எழுத்துமுறையின் வரலாறு தெரியும், நூலகருக்குப் பட்டியலிடும் முறை தெரியும். இருவரும் சேர்ந்து 'தமிழில் தேடுவது எப்படி' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதினால், அது அந்தக் கல்லூரிக்கு மட்டுமல்ல, தமிழ் படிக்கும் எல்லாருக்கும் பயன்படும். தமிழ்த் துறைகள் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட அவசரமானது அதிகம் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இல்லாத நூல்களின் பட்டியல்

ஏஐ செயலிகள் இந்தக் கூட்டுவேலையை இன்னும் அவசியமாக்கிவிட்டன. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி புனைந்து கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. தொழிலில் பழுத்தவர்களுக்கே இந்த நிலை. இப்போது உலகெங்கும் நூலகங்களுக்கு, இல்லாத கட்டுரைகளைக் கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். கட்டுரைத் தலைப்பு நம்பும்படி இருக்கும், இதழின் பெயர் உண்மையாக இருக்கும், ஆசிரியர் பெயரும் அந்தத் துறையில் கேள்விப்பட்டதாகவே இருக்கும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் எழுதப்பட்டிருக்காது.

தடைபோட்டு இதைத் தீர்க்க முடியாது. வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். செயலியிடம் அசைன்மென்ட் தலைப்பைக் கொடுத்து ஐந்து ஆதார நூல்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் உண்மையில் இருக்கிறதா என்று நூலகரோடு சேர்ந்து மாணவர்கள் தேடட்டும். இருப்பவற்றில், செயலி சொன்ன கருத்து அந்த நூலில் இருக்கிறதா என்று ஆசிரியரோடு சேர்ந்து படிக்கட்டும். முதல் சோதனையில் தப்பிப் பிழைக்கும் சில நூல்கள் இரண்டாவது சோதனையில் விழலாம். மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கும் ஒரு பொய், பத்து எச்சரிக்கைகளைவிட ஆழமாக மனதில் பதியும்.

தடைகள்

இவ்வளவு நல்ல காரியம் ஏன் நடப்பதில்லை? நேரம் இல்லை என்பது உண்மையான காரணம். நான்கு வகுப்புகள், தேர்வுத் தாள், தரமதிப்பீட்டுக் கோப்புகள் என்று ஆசிரியர்கள் திணறுகிறார்கள். நூலகர் பணியிடமே நிரப்பப்படாமல், ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அங்கே இந்தக் கட்டுரை முழுவதும் வெறும் பேச்சாகிவிடும். அந்தப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசின், நிர்வாகங்களின் கடமை. அதைக் கேட்டுப் போராட வேண்டியதில் ஆசிரியர் சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

நேரத்தைவிடப் பெரிய தடை படிநிலை. ஊதிய விகிதத்திலும் தகுதித் தேர்விலும் கல்லூரி நூலகரை உதவிப் பேராசிரியருக்கு இணையாகவே யுஜிசி வைத்திருக்கிறது. வளாகத்தின் அன்றாட வாழ்க்கையில் அந்தச் சமநிலை தெரிவதில்லை. துறைக் கூட்டத்துக்கு நூலகரை அழைப்பதில்லை. பாடத்திட்டக் குழுவில் அவருக்கு இடம் இருப்பதில்லை. புத்தகம் எடுத்துத் தருபவராகவும் நிலுவைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவராகவும் அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். நூலகர்களும் தங்கள் பங்குக்கு, இருப்புக் கணக்கு முடிந்தால் வேலை முடிந்தது என்ற கூட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். வகுப்பறைக்குள் நுழைந்து அறுபது பேர் முன் பேசத் தயக்கம் உள்ள நூலகர்களுக்கு நூலகவியல் படிப்பிலேயே கற்பிக்கும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும்.

தொடங்குவதற்குக் கல்லூரி முழுவதும் மாற வேண்டியதில்லை. ஒரு துறை, ஒரு தாள், ஒரு அசைன்மென்ட் போதும். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டக் குழுவில் நூலகரை அழைப்பாளராகச் சேர்க்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். மற்றக் கல்லூரிகளில், செமஸ்டர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆசிரியர் தன் தலைப்புகளோடு நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இந்தத் தலைப்புகளில் எதற்கு நம் நூலகத்திலும் என்-லிஸ்ட்டிலும் அரசு ஆவணங்களிலும் உண்மையான பொருள் இருக்கிறது, எதற்கு இல்லை என்று நூலகர் சொல்லிவிடுவார். இல்லாதவற்றை அங்கேயே அடித்துவிடலாம். பிறகு இன்டர்னல் மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு உள்ளதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தேடல் குறிப்புக்கும் ஆவண மதிப்பீட்டுக்கும் கொடுக்க வேண்டும். அந்தப் பாதி மதிப்பெண்ணை நூலகர் போட வேண்டும், மதிப்பெண் பட்டியலில் ஆசிரியரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும்.